பதினைந்து வயதில் எடுக்கிற குரூப்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதம் வருகிறது. மதிப்பெண் தெரிந்த கொஞ்ச நாளிலேயே பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கிவிடும். விண்ணப்பத்தில் 'எந்தப் பிரிவு' என்று ஒரு வரி இருக்கும். கணக்கு, இயற்பியல், வேதியியலோடு உயிரியல் வேண்டுமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமா? கணக்கை விட்டுவிட்டு தாவரவியலும் விலங்கியலும் போதுமா? காமர்ஸா? தொழிற்பிரிவா? ஒரு பெண் பின்னாளில் பாலம் கட்டுவாளா, சிப் வடிவமைப்பாளா, ராக்கெட் ஏவுதளத்தில் உட்காருவாளா என்பதில் பாதி இந்த ஒரு வரியிலேயே முடிவாகிவிடுகிறது. பல வீடுகளில் அந்த வரியை முடிவு செய்வது அவள் அல்ல.

பெண்பிள்ளைகளை அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கு ஊக்குவிக்க வேண்டும் என்று பேசாத மேடை இல்லை. பேசட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில், பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவு, நாம் ஊட்ட வேண்டும் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆர்வத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் பஞ்சமே இல்லை. 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகளின் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்களின் தேர்ச்சி 92.37 சதவீதம். ஏதோ ஒரு வருடத்துச் செய்தி அல்ல இது. ஆண்டுதோறும் நாளிதழ்கள் 'வழக்கம்போல மாணவிகளே அதிகம்' என்று எழுதிப் பழகிவிட்டன.

அகில இந்தியக் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரிகளில் அறிவியல் பாடங்களைப் படிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். அதே கணக்கெடுப்பில் பொறியியலுக்கு வந்தால் பெண்கள் சுமார் 29 சதவீதம்தான். படிப்பை முடித்து, நாட்டின் ஆராய்ச்சிக்கூடங்களில் விஞ்ஞானியாக வேலை பார்ப்பவர்களை எண்ணினால் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. அறிவியல் பாடத்தைக் கண்டு நம் பெண்கள் பயப்படவில்லை. அந்தப் பாடம் தொழிலாக மாறுகிற இரண்டு மூன்று இடங்களில்தான் அவர்கள் உதிர்ந்துபோகிறார்கள். அதில் முதல் இடம் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் நடுவில் இருக்கிறது.

ஏன் அந்த இடம் இவ்வளவு முக்கியம்? தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிளஸ் ஒன்னில் கணக்கு எடுத்த பெண் பின்னால் மனம் மாறி பி.காம். சேரலாம், சட்டம் படிக்கலாம், தமிழ் இலக்கியம்கூடப் படிக்கலாம். கணக்கை விட்ட பெண் பின்னால் மனம் மாறினால் பெரும்பாலான பொறியியல் படிப்புகளுக்குள் நுழைய முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு இது. ஆனால் விண்ணப்பம் நிரப்பும் மேசையில் இதை எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

அந்த மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அம்மா, பெண், தலைமையாசிரியை. வெளியே வரிசை நீளமாக இருக்கும். "மேத்ஸ் எடுத்தா மார்க் குறைஞ்சிடும், மிஸ்" என்பார் அம்மா. "அப்புறம் இன்ஜினியரிங்னு கேட்பா, எங்களால முடியாது." "ஸ்பெஷல் கிளாஸ், லேப்னு சாயங்காலம் லேட்டாகும். பஸ்ஸ விட்டா தனியா வரணும்." "பொம்பளப் பிள்ளைக்கு டீச்சர் வேலை, நர்ஸ் வேலைன்னா கல்யாணத்துக்கு அப்புறமும் பார்க்கலாம்." பெண் எதுவும் பேசாமல் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலைமையாசிரியை சரி என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

அந்த அம்மாவைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை. பணம், தூரம், வேலை, கல்யாணம் என்று அவர் சொல்லும் ஒவ்வொன்றும் உண்மையான கவலை. ஊக்குவிப்பு என்று நாம் சொல்வது இந்தக் கவலைகளுக்கு விடை தர வேண்டும்.

பணத்துக்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே நல்ல பதில்கள் இருக்கின்றன. அவை அந்த மேசைக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் என் வருத்தம். 2007-லிருந்து பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். 2010-லிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2021-லிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அந்த இடத்தில் சேருபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. "எங்களால முடியாது" என்று சொன்ன அம்மாவின் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், அவர் பயப்படுகிற அந்தச் செலவில் பெரும்பகுதி அவர் தலையில் விழாது. அது அவருக்குத் தெரியவேண்டியது பத்தாம் வகுப்பு முடியும்போது. பெரும்பாலும் தெரியவருவது பிளஸ் டூ முடிந்த பிறகு. அப்போது கணக்கை விட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

புதுமைப்பெண் திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் ஒரு திருமண நிதியுதவித் திட்டம் தொடங்கியது. பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால் கல்யாணத்தின்போது உதவித்தொகை. பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவைத்த திட்டம் அது, மறுக்க முடியாது. ஆனால் பணம் வருவது கல்யாணத்தில். 2022 செப்டம்பர் 5 அன்று அதே அம்மையார் பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அதுதான் புதுமைப்பெண். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே போகிறது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளி மாணவிகளுக்கும் விரிவாக்கினார்கள். ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்கள், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அண்ணனிடம் கேட்டு நிற்கிற பெண்ணைப் பார்த்ததில்லை. கல்யாணத்தோடு கட்டியிருந்த பணத்தை அவிழ்த்துப் படிப்போடு கட்டியது இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று என்பது என் கணிப்பு.

தூரத்துக்கு வருவோம். இதற்கு பீகாரில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2006-ல் அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியிருந்தது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். யாரும் அந்தப் பெண்களிடம் உத்வேக உரை ஆற்றவில்லை. சைக்கிள் வந்தது, அவ்வளவுதான். ஊரே சேர்ந்து சைக்கிளில் போகும்போது பயமும் குறைந்தது.

தமிழ்நாட்டில் இலவச சைக்கிளும் உண்டு, 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் உண்டு. இருந்தாலும் தூரம் வேறு உருவில் வந்து நிற்கிறது. பக்கத்தில் இருக்கிற மேல்நிலைப் பள்ளியில் கணக்கு குரூப் இல்லை என்றால்? அறிவியல் பிரிவு நடத்த ஆய்வகம் வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் வேண்டும். இவை இல்லாத பள்ளியில் காமர்ஸும் தொழிற்பிரிவும்தான் ஓடும். பையன் என்றால் பத்து கிலோமீட்டர் தள்ளி டவுனுக்கு அனுப்புவார்கள். பெண்ணை இருக்கிற பள்ளியில், இருக்கிற குரூப்பில் சேர்ப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் 'அந்தப் பெண்ணுக்கு காமர்ஸ்தான் பிடித்திருக்கிறது' என்று எழுதிக்கொண்டு போவார்.

அடுத்தது வேலை. "படிச்சு என்ன வேலைக்குப் போவா?" என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கிற பதில் மிகவும் மெலிந்தது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019-20 தொழில்துறைக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் செல்போன் பாகங்களைப் பொருத்துகிற வரிசைகளில் இளம்பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி, ஷிப்ட் பார்த்து, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஆக, பெண்ணை வெளியூர் அனுப்ப மாட்டோம், தொழிற்சாலைக்கு அனுப்ப மாட்டோம் என்பதெல்லாம் இப்போது முழு உண்மை அல்ல. அனுப்புகிறோம். அந்த வரிசையில் பாகம் பொருத்த அனுப்புகிறோம். அதே கூரைக்குக் கீழ் அந்த வரிசையை வடிவமைக்கிற, இயந்திரத்தைப் பராமரிக்கிற, தரத்தைச் சோதிக்கிற பொறியாளர் வேலை இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. சம்பள வித்தியாசமும் தெரியாது.

இதில் சட்டத்துக்கும் பங்கு இருந்தது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. இரவு ஷிப்ட் ஓடுகிற ஆலைக்குப் பெண் பொறியாளரை எடுக்காமல் இருக்க நிறுவனங்களுக்கு அது வசதியான காரணம். 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. "மெக்கானிக்கல்ல பொண்ணா?" என்ற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, பெண் விஞ்ஞானிகளைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைத்தால் பயன் உண்டா? இதை பிரான்சில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-16 கல்வியாண்டில் பாரிஸ் வட்டாரத்தில் சுமார் நூறு மேல்நிலைப் பள்ளிகளில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு அறிவியல் துறையில் வேலை பார்க்கும் பெண்கள் போய் ஒரு மணி நேரம் பேசினார்கள். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில், அறிவியல் பிரிவில் இருந்த மாணவிகளிடம் பலன் தெரிந்தது. போட்டி மிகுந்த அறிவியல், பொறியியல் படிப்புகளில் சேர்ந்தவர்கள் சுமார் 11 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் கூடினார்கள். கணக்கில் கெட்டியான பெண்களிடம்தான் இந்த மாற்றம் அதிகம். அதைவிட இரண்டு வகுப்பு கீழே, நம் பத்தாம் வகுப்பு வயதில் இருந்த மாணவிகளின் பாடத் தேர்வில் அந்த ஒரு மணி நேரம் ஏறக்குறைய எதையும் மாற்றவில்லை.

இந்த ஆய்வை முழுசாகப் படிக்காமல் 'ரோல் மாடல் வந்தால் போதும்' என்று சொல்பவர்கள் அதிகம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. கதவு திறந்திருக்கும் பெண்ணை ஒரு நல்ல பேச்சு உள்ளே தள்ளிவிடும். கணக்கு குரூப் எடுக்கவே வழியில்லாத பெண்ணுக்கு அதே பேச்சு ஒரு இனிமையான மதியம், அவ்வளவுதான். இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. 'இந்தத் துறையில் பெண்கள் எவ்வளவு குறைவு பாருங்கள்' என்று வருந்திப் பேசியவர்களைவிட, தன் வேலை எப்படிப்பட்டது, என்ன சம்பளம், நாள் எப்படிப் போகிறது என்று சொன்னவர்களின் பேச்சு நன்றாக வேலை செய்தது.

நம் ஊரில் பேசவைக்க ஆட்களுக்குக் குறைவா? சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். உள்ளூரில் பள்ளிப் படிப்பு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ், 1987-ல் இஸ்ரோ. அந்த விண்கலம் 2023 செப்டம்பரில் கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தன் இடத்தை அடைந்தது. சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா முத்தையா கிண்டி பொறியியல் கல்லூரி மாணவி. ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோளை நடத்திக்கொடுத்த வளர்மதி அரியலூர்க்காரர். இவர்கள் படங்கள் பள்ளிச் சுவரில் இருக்க வேண்டும், கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் அம்மாவுக்கு இஸ்ரோ ரொம்பத் தூரம். அந்த ஊர் மின்வாரிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருக்கிற பெண், பக்கத்து சிமென்ட் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிற பெண், தாலுகா அலுவலகத்து நில அளவையர், அதே பள்ளியில் ஐந்து வருடம் முன்னால் படித்து இப்போது டிப்ளமா முடித்து வேலைக்குப் போகிறவள்: இவர்களை ஒரு சனிக்கிழமை பெற்றோரோடு உட்காரவைத்தால், "ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?" என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்விக்கு நேரடியாக ஒரு பதில் கிடைப்பது பெரிய விஷயம்.

துணை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரியின் முதல் பெண் மாணவிகளின் கதை இதற்குப் பொருத்தம். அ. லலிதா 1937-ல், பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடமும் பொதுக் கல்வி இயக்குநரிடமும் பேசி, 1940-ல் மகளை மின்பொறியியலில் சேர்த்தார். நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவில் ஒற்றைப் பெண். வகுப்பில் சிரமமில்லை, விடுதியில்தான் தனிமை. சில மாதத்தில் சுப்பாராவ், கிண்டியில் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுத்தார். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்சாரம் தொடர்பான வேலைகளில் பங்குகொண்டார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

அந்த விளம்பரத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். மகளைச் சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை, மகளுக்குக் கூட இருக்க ஆட்களைத் தேடினார். இன்றைக்கும் அறுபது பேர் இருக்கும் மெக்கானிக்கல் வகுப்பில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு பள்ளியிலிருந்து மூன்று நான்கு பெண்கள் ஒரே கல்லூரிக்கு, ஒரே பிரிவுக்குச் சேர்ந்தே போகும்படி ஆசிரியர்கள் பேசிவைத்தால், வீட்டில் விவாதம் பாதியாகக் குறையும்.

இனி வகுப்பறை. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் இயற்பியல் பிராக்டிகல் நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். வெர்னியர் காலிப்பரும் மின்சுற்றும் பையன் கையில். அளவீட்டைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது பெண். வருடக் கடைசியில் அவளுடைய ரெக்கார்டு நோட் அச்சடித்த மாதிரி அழகாக இருக்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். கருவியைத் திருகிப் பார்த்த விரல்கள் மட்டும் அவளுடையவை அல்ல. இதை மாற்றப் பணம் தேவையில்லை. இந்த வாரம் எழுதியவர் அடுத்த வாரம் கருவியைத் தொட வேண்டும் என்று ஆசிரியர் ஒரு வரி சொன்னால் போதும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். கலிபோர்னியாவில் ஹார்வி மட் என்ற சிறிய கல்லூரியில் 2006 வாக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் பத்தில் ஒருவர்தான் பெண். முதல் பாடத்தை இரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள்: ஏற்கெனவே புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒன்று, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று. கற்றுக்கொள்ள எளிதான பைத்தான் மொழிக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் பெண்கள் பத்துக்கு நான்கு ஆனார்கள். முன்பே தெரிந்த சில பையன்கள் வகுப்பில் சத்தமாகப் பதில் சொல்லும்போது, புதிதாக வந்த பெண் 'எனக்கு இது வராது' என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்குத் திறமை குறைவில்லை, முன்பழக்கம்தான் இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போனும் அண்ணன் கையில் இருக்கிற நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

கல்யாணக் கவலைக்கு என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. அதிகம் படித்தால் அதைவிட அதிகம் படித்த மாப்பிள்ளை தேட வேண்டும், அதற்கேற்ற வரதட்சணை வேண்டும் என்று ஒரு தகப்பன் கணக்குப் போடுவது உண்மை. வரதட்சணைக்குச் சேர்க்கிற பணத்தையும் ஒரு உதவிப் பொறியாளரின் ஐந்தாண்டுச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். சில வீடுகளில் அது எடுபடும்.

கடைசியாக, குரூப் தேர்வு ஏற்கெனவே முடிந்துபோன பெண்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே பாலிடெக்னிக் போனால் மூன்று வருட டிப்ளமா, முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சென்னை தரமணியில் தர்மாம்பாள் பெயரில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. கணக்கோடு பி.எஸ்சி. முடித்தவர்களுக்கும் அதே இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டு. உயிரியல் எடுத்து மருத்துவம் கிடைக்காதவர்கள் திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட நாட்டில் உள்ள ஐசர் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு அவற்றின் தகுதித் தேர்வு எழுதலாம். சென்னை ஐஐடி 2020-ல் இணையவழியில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்புக்கு, வழக்கமான ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ முடித்திருந்தால் எந்த குரூப்பாக இருந்தாலும் நான்கு வாரத் தகுதிச் சுற்று வழியாக நுழையலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை தள்ளுபடியும் உண்டு.

இவ்வளவும் ஒரே தாளில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அந்தத் தாளை ஒவ்வொரு பள்ளியும் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அச்சடித்து, பெற்றோர் கூட்டத்தில் சத்தமாக வாசித்துவிட்டுக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அப்போது குரூப் எழுத இன்னும் ஒரு வருடம் இருக்கும். வீட்டில் பேச அது போதுமான நேரம்.